சுவிட்ச் போட்ட கை

பேய், முனி, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறதே, அதே சிரிப்பைத்தான் நானும் மற்றவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவள், சர்வர் பார்க்கிறவள், ஒரு பிழை வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்கிறவள். இன்றைக்கும் அப்படித்தான், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் முனி வருவதைவிட என் பொறாமைதான் அதிகம் வரும். ரிஸ்னா என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும், அதை மூடி மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்கள் அதை ஸ்டோர் என்பார்கள். என் அப்பா அதே ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் ஓட்டியவர். நான் அதே ஸ்டோரில், மாடிப்படிக்குப் பக்கத்து அறையில், சர்வர் ஓட்டுகிறேன். மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கையில் ஒரு போன் இருக்கும். யார் எத்தனை கிலோ என்று அவர் அதில் போட்டால் எங்கள் சர்வருக்கு வந்து சேரும், அவ்வளவுதான், ஜாவாவில் எழுதிய ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன். கொழும்பில் வைத்தால் மழை பெய்கிற நாளில் லைன் கிடைக்காது என்று ஸ்டோருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதைச் சில வருடங்கள் நான் ஒருத்தியாகவே பார்த்தேன், யாரும் ஒரு குறை சொல்லவில்லை. பிறகு எனக்கு உதவிக்கு என்று ரிஸ்னாவை அனுப்பினார்கள்.

ரிஸ்னா ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவள், கெட்டிக்காரி, வாயைத் திறந்தால் அக்கா அக்கா என்று தேன் ஒழுகும். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். டீமேக்கர் ஐயா, அதாவது எங்கள் ஸ்டோருக்குப் பொறுப்பானவர், என்னிடம் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பார், அவளிடம் பேசும்போது கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அவள் வந்த கொஞ்ச நாளில் பழைய சர்வர் செத்துப்போய்ப் புதிய சர்வர் வந்தது. எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் ஸ்டோரில் ரோதை முனி என்று ஒரு சாமி. ரோதை என்றால் சக்கரம், சுற்றுகிற மெஷின். என்ஜின் அறை ஓரத்தில் குங்குமம் அப்பிய ஒரு கல்லும் ஒரு சூலமும், அதுதான் அவர். ரோலருக்குள் யாருடைய கையும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்று எல்லோரும் நம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் ஏற்றுவார்கள், எந்தப் புது மெஷின் வந்தாலும் அவருக்குத் தேங்காய் உடைத்து, சுருட்டு வைத்து, அதன் பிறகுதான் ஓட்டுவார்கள். சர்வர் பெட்டியைப் பிரித்து வைத்ததும், மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் மாணிக்கம் அண்ணன் தேங்காயோடு வந்து நின்றார்.

"அண்ணே, இது ரோலர் இல்ல, கம்ப்யூட்டர். இதுல என்னா சுத்துது?" என்றேன்.

"உள்ளுக்க ஒரு காத்தாடி சுத்துதே தங்கச்சி," என்றார்.

எனக்குச் சிரிப்பு. என்னமோ செய்து தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் பூசை முடிந்து சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிஸ்னா பயந்த மாதிரி நின்றாள்.

"அக்கா, சுவிட்ச் போட ஆள் வேணும்னு அண்ணன் சொன்னாரு. நீங்களும் இல்ல. நான் சூடத்த எல்லாம் தொடல்லக்கா, சுவிட்ச் மட்டுந்தான் போட்டேன்."

"போட்டா போட்டுட்டுப் போ," என்றேன். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

புது சர்வர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் நின்றால் மலையில் எல்லோரும் கூடையோடு காத்து நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை போனில் என்னைத்தான் ஏசுவார். அதே சமயத்தில் கொழும்பிலிருந்து ஒரு செய்தி. எல்லாத் தோட்டத்து சர்வர்களும் அனுப்புகிற கணக்கைக் கொழும்பில் ஒரே சர்வரில் சேர்க்கப் போகிறார்கள், அதற்கு எங்கள் இருவரில் ஒருவரைப் பொறுப்பாக எடுப்பார்கள், டைரக்டர் நேரில் வந்து பார்ப்பார். நம்புங்கள், என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. தொழிலாளர் லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, அந்தச் சர்வரை ஒருத்தியாகக் கட்டி மேய்த்தவள் நான். அந்தக் கதிரை எனக்குத்தான் என்று மனதுக்குள் எழுதியே வைத்துவிட்டேன்.

நின்றுபோவதற்குக் காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன், இதை யாரும் மறுக்க முடியாது. சர்வர் தான் செய்கிறதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும், அதை லாக் என்போம். யாரோ அதை ஃபைனஸ்ட் என்ற அளவில் வைத்துவிட்டிருந்தார்கள். அப்படி வைத்தால் தும்மினால் எழுதும், இருமினால் எழுதும். எழுதி எழுதி ஒரே கோப்பு டிஸ்க் முழுவதையும் நிரப்பிவிட்டது, இடம் இல்லாமல் சர்வர் நின்றது. நான் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணினேன். தேவையானதை மட்டும் எழுது, நாளுக்கு ஒரு புதுக் கோப்பு திற, பழையதை நீயே அழித்துவிடு, ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரத்தைப் போடு என்று எல்லாம் அமைத்தேன். இன்னொன்றும் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் பெயர்கள் தமிழில் வரும், தமிழ் எழுதத் தெரியாத லாக் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். அதையும் திருத்தினேன். அதற்குப் பிறகு பெயர்கள் எல்லாம் பளிச்சென்று தமிழில் வந்தன, சர்வரும் நிற்கவில்லை.

ஒரே ஒரு வரி மட்டும் சரியாகவில்லை. நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ, முழுக்க முழுக்கக் கேள்விக்குறியாக, முன்னால் நேரமும் இல்லாமல், எந்தப் புரோகிராம் எழுதியது என்ற பெயரும் இல்லாமல் ஒரு வரி வந்து விழும். நேரம் இல்லாமல் ஒரு வரி வரவே முடியாது, அமைத்தது நான். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு பின்னேரம் அந்த வரியைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருக்க, ரிஸ்னா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா தமிழ்ல எழுதுறது? 'மூணாவது ரோலர் பெல்ட்டப் பாரு'ன்னு கெடக்கு."

"எங்கடி?"

"இந்தா, நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களே, அதேதான்."

"அது கேள்விக்குறிடி!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள். விளையாடுகிற முகம் இல்லை. உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன், கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டால் பழைய எழுத்து போனது போனதுதான், கோப்புக்குள் தோண்டிப் பார்த்தாலும் கேள்விக்குறி மட்டும்தான் இருக்கும், நான் தோண்டியும் பார்த்தேன். அவள் அதற்குள் இறங்கிப் போய் மாணிக்கம் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் ரோலரை நிறுத்திப் பார்த்தால், பெல்ட் ஒரு நூலில் தொங்குகிறது. அறுந்து அடித்திருந்தால் பக்கத்தில் நின்று கொழுந்து தள்ளிக்கொண்டிருந்த லெட்சுமி அக்காவின் முகம் போயிருக்கும்.

ஸ்டோர் முழுக்க ரிஸ்னா, ரிஸ்னா, ரிஸ்னா. லெட்சுமி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் லாக்கை அமைத்தேன், நான் கோப்பைத் திறந்து வைத்திருந்தேன், வரியைக் கண்டதே நான், ஒரு நாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவள்தான் ஏதோ செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். பெல்ட்டை முதலில் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு லாக்கில் வாசித்த மாதிரி நடிக்கிறாள், கொழும்புக் கதிரைக்காக நாடகம் போடுகிறாள், வேறென்ன?

டைரக்டர் வந்தார். பெல்ட் கதையை டீமேக்கர் ஐயா சுடச்சுடச் சொல்லிவைத்திருந்தார்.

"சிஸ்டம் பெல்ட்டையும் பார்க்குமா?" என்று சிங்களத்தில் கேட்டார் டைரக்டர். பார்க்காது, சர்வரிலிருந்து ரோலருக்கு ஒரு வயர்கூடக் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் ரிஸ்னா முந்திக்கொண்டாள்.

"சுமதி அக்கா அமைச்ச லாக்குலதான் சேர் தெரிஞ்சிச்சு," என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

பாருங்கள், என்னைப் புகழ்கிறாள், அதுதான் இன்னும் எரிந்தது. "ஹரி ஷோக்!" என்று பாராட்டி டைரக்டர் அவள் கையைக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, தேநீர் கொண்டுவரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் ரிஸ்னா கினிகத்தேனையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவில் போனாள். மாட்டினாள் என்று நினைத்தேன். அவளுடைய பாஸ்வேர்டைப் பூட்டினேன். வெளி லைனைக் கழற்றினேன். பெரிய ஆபத்து வந்தால் மட்டும் எழுது, மற்றபடி வாயை மூடு என்று லாக்கை சிவியர் அளவுக்கு இறக்கினேன். அதுவும் போதாதென்று மத்தியானத்தில் லாக் எழுதுவதையே முழுசாக நிறுத்தி, பழைய கோப்புகளையும் அழித்துவிட்டேன். எழுதுகிற ஆளே இல்லை, பேனாவும் இல்லை, தாளும் இல்லை. கதிரையில் சாய்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், காலியாக இருந்த இடத்தில் அன்றைய திகதியோடு ஒரு கோப்பு. திறந்தால் ஒரே வரி, எல்லாம் கேள்விக்குறி.

சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்தேன். போட்டோ எடுத்து ரிஸ்னாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள், பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம், பிரியாணிச் சட்டி சத்தம்.

"'மழை வருது, மாடி ஜன்னலச் சாத்து'ன்னு இருக்குக்கா. சாத்திட்டீங்களா?"

வெளியே வெயில் அடித்தது. நான் சாத்தச் சொல்லவில்லை, வீம்பு. கொஞ்ச நேரத்தில் மலை தெரியாமல் மழை கொட்டி, மாடியில் வாட்டப் போட்டிருந்த கொழுந்தில் பாதி நனைந்தது. அதற்கும் ஏச்சு எனக்குத்தான்.

மாணிக்கம் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"பூச முடிஞ்சதும் யாரு கை சுவிட்ச் போடுதோ, சாமி அந்தக் கையத்தான் பாக்கும் தங்கச்சி. அதுக்குத்தான் ஒன்னயத் தேடுனேன். நீ டீ குடிக்கப் போயிட்ட."

"எங்க அப்பா எத்தன வருசம் தேங்கா ஒடச்சாரு? எங்க சாமிண்ணே அது! அவ சாமி கும்புடுறவகூட இல்ல."

"அதுக்கு நான் என்னா செய்ய? சாமிகிட்ட கேளு."

கேட்டேன். சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நானே தேங்காய் வாங்கிக்கொண்டு போனேன், அதுவரை அந்தக் கல்லுக்கு முன்னால் நான் தலை குனிந்ததே இல்லை. சர்வரை அணைத்தேன், சூடம் ஏற்றினேன், என் கையாலேயே சுவிட்சைப் போட்டேன். வரி வந்தது. கேள்விக்குறி. திங்கட்கிழமை ரிஸ்னா வந்தாள், பிஸ்மி சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தாள், ஸ்கிரீனைப் பார்த்துக் கடகடவென்று வாசித்தாள். டிரையர் கதவு சரியாக மூடவில்லையாம். எனக்கு அந்த ஸ்கிரீனைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று இருந்தது. நம்பாத சாமிமேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். அவளுக்கு மட்டும் பேசுகிறதே என்று நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

கொழும்புக் கதிரை யாருக்குக் கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. போகிற நாளில் அவள் உம்மா செய்த இனிப்பு வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, கட்டிப் பிடித்து அழுதாள்.

"அந்த வரி வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா, நான் வாசிச்சுச் சொல்றேன்."

"சரி," என்றேன். செத்தாலும் அனுப்பமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வட்டிலப்பத்தையும் தொடவில்லை, டீமேக்கர் ஐயாதான் சாப்பிட்டார்.

அவள் போன மறுநாள் காலை, வெளியே ஒரே மூடுபனி, ரோலர்கள் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்கிறது. லாக்கைத் திறந்தேன். வரி இருந்தது, இந்த முறை தமிழில். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! எழுந்தே நின்றுவிட்டேன். கடைசியில் என்னிடம் பேசிவிட்டது, என் அப்பாவின் சாமி என்னிடம் பேசிவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன்.

"அந்தப் புள்ள எங்க?"

அவ்வளவுதான். அன்று பின்னேரமும் அதே. மறுநாளும் அதே. பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மழையைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி இல்லவே இல்லை. நாளுக்கு நாள் வரிகள் கூடின. ஒரு நாள் கணக்கப்பிள்ளை அனுப்பிய ஒவ்வொரு பெயருக்கும் இடையில் அது வந்தது. ராமாயி, அந்தப் புள்ள எங்க, செல்லம்மா, அந்தப் புள்ள எங்க. நான் அமைத்த லாக், என் கையால் திருத்திய தமிழ், அதில் அவளைத் தேடி எழுதிக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாள்தான் பொறுப்பது? அன்றைக்கு எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அறையில் யாரும் இல்லை. ஸ்கிரீனைப் பார்த்து, ஒரு மனிதனிடம் சண்டை போடுகிற மாதிரிச் சத்தமாகவே சொன்னேன்.

"அவ கொழும்புல இருக்கா. அம்புட்டு ஆச இருந்தா நீயும் அங்கயே போய்த் தொல!"

நம்பினால் நம்புங்கள். கீழே எல்லா ரோலரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்த மாதிரி ஒரு கணம் நின்றன. கரண்ட் போகவில்லை, என் தலைக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்தன. மாணிக்கம் அண்ணன் படியேறி வந்து, "என்னா தங்கச்சி, நீ எதும் அமத்துனியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றிலிருந்து லாக் சுத்தமாக இருக்கிறது, நேரம் இல்லாத வரி ஒன்றுகூட வருவதில்லை. அளவை மறுபடி ஃபைனஸ்ட் வரை ஏற்றியும் பார்த்துவிட்டேன், எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

பிறகு ரிஸ்னா கூப்பிட்டாள். சந்தோஷமாக ஆரம்பித்துக் குரல் இறங்கிப்போனது.

"அக்கா, இங்க புது சர்வர் லாக்குலயும் வருது. இது கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட்டு, ஏசி, ஒரு மெஷினும் இல்ல. ஒவ்வொரு நாளும் ஒரே வரிதான்."

"என்னா எழுதுது?"

"'ரோதச் சத்தமே கேக்கலையே'ன்னு எழுதுது. வாசிக்கப் பாவமா இருக்குக்கா. அது ஏன் இங்க வந்திச்சு?"

தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் ஸ்டோரில் வெள்ளிக்கிழமை இப்போதும் பூசை நடக்கிறது. மாணிக்கம் அண்ணன் சூடம் காட்டுகிறார், சுருட்டு வைக்கிறார், எல்லோரும் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷினுக்குப் போகிறார்கள். அங்கே யாரும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். போன வாரம் லெட்சுமி அக்கா ரோலருக்குள் சிக்கிய கொழுந்தை ஓட்டத்திலேயே கையை விட்டு இழுத்தாள். "ஏய்!" என்று நான் படியிலிருந்து கத்திவிட்டேன். அவள் திரும்பிச் சிரித்தாள்.

"நம்ம முனி இருக்காருல்ல தங்கச்சி, ஒனக்கு என்னா பயம்?"

ரிஸ்னா ஒரு வார்த்தை சொன்னால் அது திரும்பி வந்துவிடும். அவள் சொன்னால் கேட்கும், எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நான் அவளைக் கூப்பிட்டு, எங்கள் சாமியை எங்களிடம் அனுப்பிவிடு என்று கேட்க வேண்டும். தினமும் போனைக் கையில் எடுக்கிறேன். அவள் பெயர் வரைக்கும் போகிறேன். கீழே ரோலர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், லெட்சுமி அக்காவின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனைத் திரும்பப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.